எங்கே விழுந்தது என்று கேட்பவர்

கிரானில் ஒரு தேநீர்க்கடை. கடையின் பின்னால் நின்ற தென்னையிலிருந்து ஒரு தேங்காய் தகரக் கூரையில் விழுந்து உருண்டது. இருந்தவர்கள் எல்லோரும் திடுக்கிட்டோம், பிறகு சிரித்தோம், பிறகு விட்ட கதையைத் தொடர்ந்தோம். ஒருவர் மட்டும் கோப்பையை வைத்துவிட்டு எழுந்தார். "எங்க விழுந்த?" என்று கேட்டுக்கொண்டே வெளியே போனார். கடையைச் சுற்றி நடந்து, வேலியோரம் கிடந்த தேங்காயைக் கண்ட பிறகுதான் திரும்பி வந்து ஆறிப்போன தேநீரைக் குடித்தார். நான் அவரை முதலில் பார்த்தது அன்றுதான்.

நான் ஓட்டமாவடிக்காரன், முஸ்லிம். உழவு இயந்திரம் வைத்துக் கூலிக்கு உழுது கொடுக்கிறவன். கிரான் பக்கத்து வயல்களில் வேலை வந்தால் வரம்பு கட்டவும், இயந்திரம் திரும்ப முடியாத மூலைகளைக் கொத்தவும் ஓர் ஆள் வேண்டும். அந்த வேலையில் அவரைப் போல ஒழுங்கான ஆளை நான் கண்டதில்லை. அதனால் சில வருடங்கள் அவரோடு திரிந்தேன். என்னைவிட மூத்தவர். நான் அண்ணன் என்பேன், அவர் என்னைத் தம்பி என்பார். நல்ல மனிதர்தான். ஆனால் அந்தக் கேள்வி இருக்கிறதே, அது மனிதனைப் பைத்தியமாக்கிவிடும்.

இடி இடித்தால் கேட்பார். பொடியன்கள் பந்தை ஓங்கி அடித்து அது பற்றைக்குள் போனால், அவர்களுக்கு முதல் இவர் வேலி தாண்டியிருப்பார். யானை வந்தால் விரட்டக் கொடுக்கும் பெரிய வெடியைக் கொளுத்தி எறிந்துவிட்டு நாங்கள் ஓடுவோம். இவரோ புகை அடங்கியதும் எறிந்த பக்கமாக நடந்து போய், தரையில் கருகிய இடத்தைக் கண்டுபிடித்து, அங்கே கொஞ்ச நேரம் நிற்பார். யானை பக்கத்தில் நிற்குமே என்ற பயம் கூட இல்லை. கடைப் பொடியன்கள் அவருக்கு 'எங்க விழுந்தார்' என்றே பெயர் வைத்துவிட்டார்கள். அவர் காதுபடவே சொல்வார்கள். அவர் கோபித்ததில்லை.

"இந்த மனிசன் வானத்தில வெள்ளி எரிஞ்சு விழுந்தாலும் டோச் எடுத்துக்கொண்டு வெளிக்கிட்டுரும்" என்று அவர் மனைவி ஒருநாள் என்னிடம் சொன்னார். நான் வயிறு குலுங்கச் சிரித்தேன். மனைவி சிரிக்கவில்லை. வந்த நாளிலிருந்து இப்படித்தான் என்று மட்டும் சொன்னார். எங்கிருந்து வந்த நாள் என்று அவரும் சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை. எங்கள் பக்கத்தில் அந்த வயதுக்காரர்களிடம் அதைக் கேட்பது வழக்கமில்லை.

இன்னொரு பழக்கமும் இருந்தது. எதையும் தரையில் வைப்பதற்கு முதல் குதிகாலால் அழுத்திப் பார்ப்பார். தண்ணீர்க்குடமானாலும் சரி, சாய்மணைக் கதிரையானாலும் சரி. ஒருமுறை வயல் பாதையில் சில்லுக்குக் காற்றுப் போய் நான் ஜாக்கியை வைக்கப் போனபோது என் கையைப் பிடித்து நிறுத்தினார். ஆற்றங்கரை மண். வாவியை நாங்கள் ஆறு என்றுதான் சொல்வோம். வெயிலில் மேலே வெடித்துக் காய்ந்து கல்லுப் போலக் கிடந்தது. அவர் எங்கேயோ போய் ஒரு பலகைத் துண்டு கொண்டு வந்து ஜாக்கியின் கீழே வைத்தார்.

"மேல தோல்தான் தம்பி காஞ்சிரிக்கு. உள்ளுக்குச் சேறு. பாரம் ஏற ஏற இறங்கும்."

இது ஆற்றங்கரையில் பிறந்த எந்தப் பிள்ளைக்கும் தெரிந்த விடயம். அதை ஏன் இந்த மனிதர் மரண அறிவித்தல் வாசிக்கிற குரலில் சொல்கிறார் என்று மட்டும் அப்போது எனக்குப் பட்டது.

பிறகு தன்னாமுனை அக்காவின் வயல் வேலை வந்தது. அந்த அக்கா ஆற்றுக்கு அப்பால் இருந்த ஒரு வட்டையில், எங்கள் பக்கத்தில் வயல்வெளிக்கு அதுதான் பெயர், வயல் செய்தவர். சண்டைக் காலத்தில் அங்கிருந்து வெளிக்கிட்டு, தன்னாமுனையில் சொந்தக்காரர் வளவுக்குள் ஒரு கொட்டில் போட்டு, இடியப்பம் அவித்து விற்றுச் சீவித்தவர். புருசனும் சிறு பிள்ளையான மகளும் அந்த வயலிலேயே செத்துப் போனார்கள் என்பது எங்கள் எல்லோருக்கும் தெரியும். கண்ணிவெடி அகற்றுகிறவர்கள் வந்து தேடி, வட்டை சுத்தம் என்று சொல்லி, சிவப்புப் பலகைகளைப் பிடுங்கிக்கொண்டு போய்விட்டார்கள். காடாகிக் கிடந்த வயலை வெட்டி எரித்து, முதல் மழைக்கு விதைத்துவிட வேண்டும் என்று அக்கா என்னைத் தேடி வந்தார். இந்த முறை விதைக்காவிட்டால் வேறு யாராவது வரம்பு போட்டுவிடுவார்கள் என்ற பயம் அவருக்கு. அந்த ஒரு துண்டு நிலத்தைத் தவிர உலகத்தில் அவருக்கு எதுவும் இல்லை.

வட்டையின் பெயரைச் சொல்லி அண்ணனை வேலைக்குக் கூப்பிட்டேன். பெயரைத் திரும்பவும் ஒருமுறை சொல்லச் சொன்னார். பிறகு, வாறன் என்றார்.

அங்கே போன முதல் நாள் வேலை செய்யவே இல்லை. வரம்பில் ஏறி, வயலுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு, வந்த பக்கமாக ஆற்றையும் அக்கரையோரம் தண்ணீரில் நின்ற கண்ணா மரங்களையும் பார்த்தபடி நின்றார். கையை நீட்டி, ஒரு கண்ணை மூடி, எதையோ அளந்தார். எனக்கு எரிச்சலாக இருந்தது. கூலிக்கு வந்த மனிதர் காட்சி பார்க்கிறாரே என்று நினைத்தேன்.

உழவு தொடங்கிய நாள் நல்ல வெயில். முந்தின நாள் மழைக்கு வயல் ஊறிக் கிடந்தது. சேற்றுழவுக்கு மாட்டும் இரும்புச் சில்லுகளைப் பூட்டி, ஏறியிருந்து, இயந்திரத்தை முடுக்கினேன். அவர் வந்து சில்லுக்கு முன்னால் தரையில் இருந்துவிட்டார். நிற்கவில்லை, சப்பாணி கட்டி இருந்தார். என்ன விளையாட்டு இது என்று கத்தினேன். எழும்பவில்லை. இயந்திரத்தை நிறுத்திவிட்டு இறங்கிப் போனேன். ஏச வாயெடுத்தவன் அவர் முகத்தைக் கண்டு நிறுத்திவிட்டேன்.

"நான் ஏஜிஎல்காரன் தம்பி" என்றார்.

அதன் பிறகு அவர் சொன்னதை நான் என் வார்த்தையில் சொல்கிறேன். அது மூன்று கால்களில் நிற்கிற ஒரு துவக்கு. தோட்டாவுக்குப் பதிலாகக் கைக்குள் அடங்குகிற குண்டுகளை நாடாவில் கோத்து அதற்கு ஊட்டுவார்கள். இரண்டு கைப்பிடியையும் பிடித்துப் பெருவிரலால் அழுத்தினால் போதும், நாடா தீரும்வரை ஒன்றன்பின் ஒன்றாகத் துப்பும். குண்டுகள் மரங்களுக்கு மேலால் வளைந்து போய் அப்பால் விழும். சுடுகிறவனுக்கு விழுகிற இடம் தெரியாது. தூரத்தில் ஒருவன் பார்த்திருந்து, கூட்டு, குறை, இடம், வலம் என்று வோக்கியில் சொல்வான். குழாயை விட்டுப் போய், சுழன்றுகொண்டு கொஞ்சத் தூரம் பறந்த பிறகுதான் ஒவ்வொரு குண்டும் விழித்துக்கொள்ளும். சுட்டவனுக்குப் பக்கத்தில் வெடித்துவிடக் கூடாது என்பதற்காக அப்படிச் செய்து வைத்திருக்கிறார்கள். அதைச் செய்தவன் சுடுகிறவனைப் பற்றி நன்றாகவே யோசித்திருக்கிறான்.

சண்டைக் காலத்தில் அவர் இயக்கத்தில் இருந்தபோது, ஒருநாள் அவர்களுடைய குறி இந்த வட்டைக்கு அப்பால் இருந்த ஆமி முகாம். மழை விட்டுச் சில நாள் வெயில் எரித்திருந்தது. அக்கரையில், கண்ணா மரங்களின் மறைவில், காய்ந்த தரை என்று நினைத்து முக்காலியை வைத்தார்கள். அவர் நாடா நாடாவாக அடித்தார். அந்தத் துவக்கு அடிக்கும்போது துள்ளும், துள்ளத் துள்ளக் காலைக் குத்தும். நடுவில் வோக்கி அடைத்துவிட்டது. கூட்டு குறை சொல்ல ஆளில்லை. அவர் நிறுத்தவில்லை, அடித்துக்கொண்டே இருந்தார். எல்லாம் முடிந்து துவக்கைத் தூக்கியபோதுதான் பார்த்தார், முன்கால் ஒரு சாண் ஆழத்துக்குச் சேற்றில் இறங்கியிருந்தது. முன்கால் இறங்கினால் குழாய் பணியும். குழாய் பணிந்தால் குண்டு முகாம் வரைக்கும் போகாது.

"கிரான்ல பிறந்தவன் நான். ஆத்தங்கரையில தோல் காஞ்சிரிக்கும் எண்டு எனக்குத் தெரியாதா? அதுக்குள்ள கொண்டு போய் வெச்சன்."

அதோடு முடியவில்லை. போன குண்டுகள் தூரத்தில் வெடிக்கிற சத்தம் கொஞ்சம் பிந்தித் திரும்பி வரும். அடித்துப் பழகியவன் காது அதைக் கவனிக்கும். அன்று போனதைவிடக் குறைவாகத்தான் சத்தம் திரும்பி வந்தது. தண்ணீர் நின்ற வயலில், இளகிய சேற்றில் விழுந்தால் சிலது வெடிக்காது. வெடிக்காவிட்டாலும் விழித்துத்தான் கிடக்கும். வெடி அகற்றுகிறவர்கள் மேலே தேடியிருப்பார்கள், சேறு கீழே விழுங்கியிருக்கும், என் இரும்புச் சில்லு அங்கேதான் போகப் போகிறது என்றார்.

எனக்கு முதலில் வந்தது உயிர்ப்பயம். அடுத்து வந்தது வேறொன்று. எங்கள் ஊர்க்காரனுக்கு இயக்கம் என்றால் என்னென்ன நினைவு வரும் என்று இந்தப் பக்கத்து ஆட்களுக்குச் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. இந்த மனிதனோடு ஒரே சோற்றுப் பொதியில் சாப்பிட்டிருக்கிறேனே என்று மனம் கசந்தது. அதே நேரம் இவர் வாயைத் திறக்காமல் விட்டிருந்தால் நான் இப்போது இருக்கமாட்டேன் என்பதும் தெரிந்தது. இரண்டையும் வைத்துக்கொண்டு என்ன செய்வதென்று தெரியாமல் நின்றேன். அக்காவிடம் நீங்களே சொல்லுங்கள் என்று மட்டும் சொன்னேன்.

அக்கா மத்தியானச் சோற்றோடு வரம்பால் வந்துகொண்டிருந்தார். இயந்திரம் நிற்பதைக் கண்டு, பழுதா தம்பி என்று தூரத்திலேயே கேட்டார். அண்ணன் எழுந்து நின்று, தான் அடித்த குண்டுகள் இந்த வயலுக்குள் கிடக்கின்றன, உழ வேண்டாம் என்றார். எப்போது அடித்தது என்று அக்கா கேட்டார். கதிர் வந்த நேரம், முகாமுக்கு அடித்தோம், அங்கே எட்டாமல் கட்டையாக விழுந்துவிட்டது என்றார். அக்கா சோற்றுப் பெட்டியை இடுப்பிலிருந்து இறக்கவில்லை.

"எங்க விழுந்ததெண்டு உங்களுக்குத் தெரியாதா?"

"தெரியா தங்கச்சி. நான் காணல்ல."

அக்கா வயலுக்குள் காலை வைக்கப் போனார். அண்ணன் பதறிக் கையைக் குறுக்கே போட்டுத் தடுத்தார். வரம்பில் நின்றபடியே அக்கா கையை நீட்டி, வயலின் நடுவில் நின்ற மருதமரத்தைக் காட்டினார்.

"அந்த மருதைக்குக் கீழதான் எங்கட காவல் வாடி. கிளி விரட்ட மகளும் தகப்பனோட நிண்டவள். நான் இதே மாதிரிச் சோறு கொண்டு வந்துகொண்டிருந்தன். ஒண்டு வாடிக்கு மேல விழுந்த. ஒண்டு வாசல்ல விழுந்த." குரல் உயரவில்லை. "இவ்வளவு காலமும் ஆமிக்காரன்ட செல் எண்டுதான் நான் அழுத."

அண்ணன் மருதமரத்தையே பார்த்தார். ஊரில் எல்லோரையும் நச்சரித்துக் கேட்ட கேள்விக்குப் பதில் கிடைத்துவிட்டது. மன்னிப்புக் கேட்கவில்லை. கேட்கிற மாதிரி இல்லை அந்த நேரம். அந்த மனிதர் மேல் எனக்கிருந்த கசப்பெல்லாம் அந்த நிமிடத்தில் எங்கே போனதென்று தெரியவில்லை. பார்க்க முடியாமல் நான் முகத்தைத் திருப்பிக்கொண்டேன்.

அக்கா சோற்றுப் பெட்டியை வரம்பில் வைத்தார். "வெடிக்காதது எங்க கிடக்கெண்டு போய்ச் சொல்லுங்க. நான் விதைக்கோணும்."

"சொன்னா என்னைப் பிடிப்பாங்க."

"ஓம்" என்றார் அக்கா.

அண்ணன் இயக்கத்தை விட்டுச் சத்தமில்லாமல் வீட்டுக்கு வந்தவர். எங்கேயும் பதியவில்லை, அரசாங்கத்தின் புனர்வாழ்வு முகாமுக்கும் போகவில்லை. வீட்டில் கலியாணப் பேச்சு நடக்கிற மகள். இதெல்லாம் இருந்தும் அன்றைக்கே, கையைக் கூடக் கழுவாமல், என் மோட்டார் சைக்கிளில் ஏறினார். வெடி அகற்றுகிறவர்களின் கந்தோரில் ஒன்றையும் ஒளிக்காமல் சொன்னார்.

அவர்கள் திரும்பி வந்து எல்லை நாடா கட்டி, இந்த முறை ஆழமாகத் தேடினார்கள். அவர் கை நீட்டிக் காட்டிய திசையில், ஒரே கோட்டில், சேற்றுக்குள் கிடந்தன. எடுக்க முடியாது என்று மண்மூட்டை அடுக்கிக் கிடந்த இடத்திலேயே வெடிக்க வைத்தார்கள். எங்களை அக்கரைக்கு அனுப்பிவிட்டார்கள். ஒவ்வொன்றும் வெடிக்கும்போது கொக்குகள் எழும்பி ஆற்றுக்கு மேலே சுற்றின. அவர் தரையில் குந்தியிருந்தார். நான் அவர் எழும்புவார், கேட்பார் என்று பார்த்துக்கொண்டிருந்தேன். எழும்பவில்லை. அன்றைக்குப் பிறகு அந்தக் கேள்வியை அவர் வாயில் நான் கேட்கவே இல்லை.

விசாரணைக்கு வந்தவர்கள் அக்காவிடம், இவர் அடித்ததால் உங்கள் ஆட்களுக்கு ஏதாவது நடந்ததா என்று கேட்டார்கள். நான் பக்கத்தில் நின்றேன். அக்கா ஒரு கணம் கூட யோசிக்காமல், இல்லை என்றார். அப்போது நான் அதைப் பெருந்தன்மை என்று நினைத்தேன்.

அண்ணனைக் கொண்டு போய், நாட்கணக்காக வைத்திருந்து, விட்டார்கள். பிறகும் கூப்பிட்டுக் கூப்பிட்டு விசாரித்தார்கள். மகளுடைய கலியாணப் பேச்சு நின்றுபோனது. பிந்தித்தான் வேறோர் ஊரில் ஒரு நல்ல பொடியன் கிடைத்து, கிரானிலேயே வந்து குடியிருந்தான். ஊர் அவரைப் பற்றி இரண்டு விதமாகவும் கதைத்தது. எந்தக் கதையிலும் அந்த மருதமரம் வரவில்லை. அது எங்கள் மூவருக்கும் மட்டும் தெரியும்.

அக்கா அடுத்த பெரும்போகத்துக்கு விதைத்தார். நன்றாக விளைந்தது. எங்கள் பக்கத்தில் முதல் நெல்லைக் குற்றிப் புதிர் என்று சொந்தக்காரருக்கும் வேண்டியவர்களுக்கும் கொடுப்பார்கள். அந்தப் புதிரில் ஒரு சிறு சாக்கை அக்கா தன் கையாலேயே கட்டி என்னிடம் தந்து, அவருக்குக் கொண்டு போய்க் கொடுங்கள் என்றார். எனக்குக் கண் கலங்கிவிட்டது. சாக்கைத் தூக்கிக்கொண்டு திரும்பினேன்.

"குடுத்திட்டு வந்திராதீங்க தம்பி. ஆக்கி, அவர் தின்னுறதப் பாத்திட்டு வந்து சொல்லுங்க."

அந்தக் குரலைக் கேட்ட பிறகு பெருந்தன்மை என்ற எண்ணம் எனக்குப் போய்விட்டது. அது யாருடைய இரத்தம் விழுந்த மண்ணில் விளைந்த அரிசி என்று அக்காவுக்கும் தெரியும், அவருக்கும் தெரியும். அவர் மனைவி ஆக்கிப் போட்டார். அவர் குனிந்த தலை நிமிராமல், கறி கூட ஊற்றாமல், ஒரு பருக்கை விடாமல் தின்றார். நான் போய்ச் சொன்னேன். அக்கா தலையை ஆட்டினார். ஒவ்வொரு நெல் வெட்டுக்கும் இப்படியே நடந்தது. ஒருமுறை காய்ச்சலில் கிடந்தபோதும் எழுந்திருந்து தின்றார். நாளைக்குத் தின்னலாமே என்றேன். பாத்திட்டுப் போய்ச் சொல்லுங்க தம்பி என்றார்.

அவர் நெஞ்சு வலி வந்து செத்தார். வைத்தியசாலைக்குக் கொண்டு போகிற வழியிலேயே முடிந்துவிட்டது. அக்கா செத்தவீட்டுக்கு வரவில்லை. அடுத்த வெட்டு முடிந்ததும், இனி அந்தச் சாக்கு இல்லை என்று நினைத்துக்கொண்டு போனேன். கட்டி வைத்திருந்தார். அவர்தான் போய்விட்டாரே அக்கா என்றேன். அவருடைய மகள் இருக்கிறாள்தானே என்றார். வேண்டாம் என்று சொல்ல நினைத்தும் சாக்கைத் தூக்கிக்கொண்டு போனேன்.

மகள் அந்தச் சாக்கைக் கண்டதும் அழுதுவிட்டாள். தகப்பன் உயிரைப் பணயம் வைத்து அந்த அம்மாவின் வயலைக் காப்பாற்றினார், அந்த நன்றியை அவர் இன்னும் மறக்கவில்லை, இதுதான் அவள் நினைத்திருப்பது. உடனே உலை வைத்தாள். தனக்கும் போட்டு, மடியில் இருந்த தன் சின்ன மகனுக்கும் பிசைந்து ஊட்டினாள். அவன் முகமெல்லாம் பூசிக்கொண்டு தின்றான். எனக்கும் ஒரு கோப்பையில் போட்டுத் தந்தாள்.

"அந்த அம்மாக்கு எங்கட அப்பாவில எவ்வளவு பட்சம் என்ன மாமா?"

"ஓம் மகள்" என்றேன். நான் வேறென்ன சொல்ல.

திரும்பி வந்தபோது அக்கா வரம்பில் நின்றார். தின்றாளா என்று கேட்டார். தின்றாள், சின்னவனும் தின்றான் என்றேன்.

அக்காவின் முகம் மாறியதை இன்றைக்கும் நினைத்துப் பார்க்க முடியவில்லை. பாய்ந்து வந்து என் சட்டையைப் பிடித்தார். "புள்ளைக்கு ஏன் குடுத்த? புள்ளைக்கு ஆர் குடுக்கச் சொன்ன?" என்று திரும்பத் திரும்பக் கேட்டார். பிறகு சட்டையை விட்டுவிட்டு அப்படியே வரம்பில் இருந்து, வயல் முழுக்கக் கேட்கும்படி அழுதார். அன்று மருதமரத்தைக் காட்டியபோது கூட அழாதவர். அடுத்த வருடமும் வயல் நன்றாகத்தான் விளைந்தது. கிரானுக்கு என்று சாக்கு எதுவும் அவர் கட்டவில்லை.